நூற்றுக்கு ஒன்றே முக்கால்

கீழேயிருந்து மேலே திரும்புவதற்கு பஸ்ஸுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தேன். அந்த இரண்டு சீட்டுகளும் என் சைக்கிள் பையின் ஓரத்து ஜிப்புக்குள் இன்னும் கிடக்கின்றன.

அமெரிக்காவில் ஐடஹோவும் மொண்டானாவும் முட்டிக்கொள்கிற இடத்தில் பிட்டர்ரூட் என்றொரு மலைத்தொடர். அங்கே ரயில் ஓடிய தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். 'ரூட் ஆஃப் த ஹயவாத்தா' என்று பெயர். 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். பத்துக் குகைகள், ஏழு உயரப் பாலங்கள். மேலே தொடங்கிக் கீழே முடிப்பதுதான் வழக்கம். முடிக்கிற இடத்தில் பஸ் நிற்கும்; ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே கொண்டுபோய் விடும். போய்வந்தவர்கள் எல்லாரும் "முழுக்க இறக்கம்தான், மிதிக்கவே வேண்டாம்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நானும் அம்மாவிடம் அப்படித்தான் தொடங்கினேன்.

"மிதிக்க வேணாம்னா அப்பறம் எதுக்குடா சைக்கிளு?" என்றாள்.

அம்மா வந்தது பேத்தியைப் பார்த்துக்கொள்ள. பிரசவத்துக்கு மாமியார் வந்து ஆறு மாதம், அவர் கிளம்பும்போது அம்மா வந்து ஆறு மாதம். சியாட்டில் பக்கம் நம் ஆட்கள் வீட்டில் ஏறக்குறைய இதுதான் ஷிஃப்ட். மூன்றாவது வாரத்திலேயே அம்மா சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்துவிட்டாள். பேசத் தெருவில் ஆள் இல்லை, நடந்துபோய்க் கறிவேப்பிலை வாங்கிவரக் கடை இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கராஜ் திறந்து கிடக்கிறது, என் சைக்கிளைக் காணோம். தெருமுனையில் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கிழவர் புல்வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது முப்பது வயதில். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கல்லுடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், டீச்சர்கள், அங்கன்வாடியில் இருந்த அம்மா மாதிரியானவர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். அதில் முன்னால் பார் இருப்பது பிள்ளையை உட்காரவைக்கத் தோதாக இருக்கிறதென்று பிறகு அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. கீரனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்படிப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருவன். துண்டைச் சுற்றியிருந்தாலும் அந்தக் கம்பி வலிக்கும். ஓய்வு பெறுகிற நாள்வரைக்கும் அம்மா வேலைக்குப் போனது சைக்கிளில்தான்.

ஆக, 2023 ஆகஸ்டில் அந்த மலையேறிய எங்கள் இருவரில் சைக்கிளுக்குப் பழகியவள் 61 வயதுக்காரி. நான் வாரம் முழுக்க நாற்காலியில் இருப்பவன்.

முந்தைய நாள் ராத்திரி ஐடஹோவில் வாலஸ் என்ற ஊரில் தங்கினோம். வெள்ளிச் சுரங்கத்தால் பிழைத்த சின்ன ஊர். சியாட்டிலிலிருந்து பாஸ்டன்வரை போகிற ஐ-90 நெடுஞ்சாலையில் கடைசியாக மிஞ்சியிருந்த போக்குவரத்து விளக்கு இந்த ஊரில்தான் இருந்தது. 1991-இல் ஊருக்கு மேலாகப் பாலம் போட்டதும் அந்த விளக்குக்கு வேலை போய்விட்டது. சவப்பெட்டியில் வைத்து வழியனுப்பியிருக்கிறார்கள். குசும்பான ஊர், எனக்குப் பிடித்துவிட்டது. அங்கே ஒரு கருவியை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து. காட்டுத்தீ அணைப்பவர்கள் கையில் இன்றைக்கும் இருக்கிற கருவி. அதற்குப் பெயர் கொடுத்த வனக்காவலர் எட் புலாஸ்கி இந்த ஊர்க்காரர். "நம்ம கொல்லர் கிட்ட சொன்னா அரை நாள்ல அடிச்சுக் குடுப்பாரு" என்றாள் அம்மா.

மறுநாள் கைக்குழந்தையோடு மனைவி ஓட்டலில் இருந்துகொண்டாள். "நீங்களும் அத்தையும் போயிட்டு வாங்க, எனக்குத் தூக்கம் வருது" என்று சொன்னதில் முழுக்க நிஜம் இருந்தது.

வாடகை சைக்கிள் எடுக்கிற இடத்தில் இரண்டு தகராறு. ஹெல்மெட் கட்டாயம்; அம்மாவின் கொண்டை அதற்குள் அடங்கவில்லை. அங்கேயே நின்று அவிழ்த்துப் பின்னிக்கொண்டாள். அடுத்தது கியர். பின்சக்கரத்தில் அடுக்கியிருந்த பற்சக்கரங்களைக் காட்டி "இத்தன பல்லு எதுக்கு? மாடா இது?" என்றாள். ஏற்றத்தில் லேசாக மிதிக்கலாம் என்று விளக்கினேன். "இறக்கம்னுதான சொன்ன?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாதை தொடங்குவதே ஒரு குகையில். மொண்டானா பக்கம் நுழைந்து ஐடஹோ பக்கம் வெளியே வரவேண்டும். செயின்ட் பால் கணவாய்க் குகை, நீளம் 8,771 அடி. நம் கணக்குக்கு 2.7 கிலோமீட்டர். உள்ளே விளக்கே கிடையாது; தலையிலோ ஹேண்டில்பாரிலோ விளக்கு இல்லாமல் யாரையும் விடுவதில்லை. வெளியே வெயில் நன்றாக ஏறியிருந்தது. உள்ளே எந்த மாதமானாலும் எட்டு டிகிரிதான். வாசலுக்கு முப்பது அடி முன்னாலேயே அந்தக் குளிர் முகத்தில் அடித்தது, பிரிட்ஜைத் திறந்த மாதிரி.

உள்ளே போனபிறகு காது மட்டும்தான். இரண்டு ஓரத்திலும் வாய்க்கால் வெட்டி ஊற்றுநீரை விட்டிருக்கிறார்கள், அது ஓடுகிற சத்தம். கூரையிலிருந்து கழுத்தில் சொட்டுகிற சொட்டு. முன்னால் எங்கேயோ ஒரு பிள்ளை ஊளையிட, அது சுவரில் பட்டுப்பட்டு வந்து சேர்ந்தது. சேறு பின்சக்கரத்திலிருந்து கிளம்பி முதுகில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. நடுவழியில் ஓரிடத்தில் சுவரில் மாநில எல்லையைக் குறித்திருக்கிறார்கள். அங்கே நின்றோம். கடிகாரமும் இந்த எல்லையில்தான் மாறுகிறது. மொண்டானாவுக்கு ஒரு மணி நேரம் முந்திய கணக்கு, ஐடஹோவின் இந்தப் பக்கத்துக்குப் பிந்திய கணக்கு. ஒரு சக்கரத்தைப் பத்து மணியிலும் ஒரு சக்கரத்தை ஒன்பது மணியிலும் வைத்துக்கொண்டு அம்மா தண்ணீர் குடித்தாள்.

"ஒரு மணி நேரம் லாபம்," என்றாள்.

இந்தக் குகையைத் தோண்டியவர்கள் இத்தாலி, மொண்டினீக்ரோ, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மொண்டானா வாசலுக்குப் பக்கத்தில் டாஃப்ட் என்று ஒரு கூடாரத்து ஊர் முளைத்தது. சாராயக்கடைகளுக்கும் அடிதடிக்கும் பேர்போன ஊர். இன்றைக்கு நெடுஞ்சாலையில் பிரிகிற இடத்துப் பலகையில் அந்தப் பெயர் மட்டும் இருக்கிறது. குகையைத் தோண்டவைத்தது சிகாகோ, மில்வாக்கி, செயின்ட் பால் என்று ஊர்ப் பெயர்களையே அடுக்கிப் பெயராக வைத்துக்கொண்ட ஒரு ரயில் கம்பெனி. எல்லாரும் சுருக்கமாக மில்வாக்கி ரோடு என்பார்கள். வடமேற்குக் கடற்கரைக்குப் போக வேறு கம்பெனிகள் ஏற்கெனவே பாதை போட்டுவிட்ட பிறகு, சரக்கெல்லாம் அவர்கள் கையில் இருந்தபோது, 1906-இல் இவர்களும் தொடங்கினார்கள். 6 கோடி டாலரில் முடியும் என்று நினைத்தது 23 கோடியைத் தாண்டிப் போய் நின்றது. 1909-இல் ரயில் ஓடியது. 1925, 1935, 1977 என்று மூன்று முறை திவால். 1980-இல் இந்த மேற்குத் தடத்தையே கைகழுவினார்கள். கடைசியாக வந்து முதலில் கிளம்பிய கம்பெனி. ஹயவாத்தா என்பது அவர்கள் ஓட்டிய பயணிகள் ரயிலின் பெயர். இந்த மலையில் அது ஓடியது 1947-லிருந்து 1961 வரைக்கும்தான்.

குகைக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் கண் கூசியது. வாசலோரம் ஓர் அருவி. அங்கிருந்துதான் பெயர்பெற்ற அந்த இறக்கம்.

இறக்கம் என்றால் ஊட்டி மலை இறக்கம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. நூறு அடி போனால் ஒன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது, சைக்கிளுக்குத் தெரியும். வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் ஏறவேண்டுமானால் தடம் ரொம்பச் செங்குத்தாக இருக்கக் கூடாது, வழுக்கும். நீலகிரி ரயிலில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம்; அங்கே தடத்தின் நடுவில் பல் வைத்து, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். இங்கே பல் கிடையாது, 59 அடிக்கு ஓர் அடி. அந்த ஒரே கணக்குக்காக மலை நீட்டிய மூக்கையெல்லாம் குடைந்திருக்கிறார்கள், ஓடை வந்த இடமெல்லாம் பாலம் போட்டிருக்கிறார்கள், பள்ளத்தாக்கின் ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்பி வருகிறார்கள். லூப் கிரீக் என்று அந்த ஓடைக்கே பெயர்.

எனக்குக் காற்று முகத்தில் அடித்தது பிடித்திருந்தது. அம்மா பிரேக்கை விடவே இல்லை. இரண்டு கையும் விறைத்து, தோள் இரண்டும் காதுக்கு ஏறி, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் பொட்டல். இறக்கம் என்றால் ஏரிக்கரையிலிருந்து இறங்குகிற பத்தடிதான்.

கெல்லி கிரீக் பாலத்தில் நின்றோம். 850 அடி நீளம், 230 அடி உயரம். இரும்புக் கால்கள் தேவதாரு மரங்களின் உச்சிக்கும் கீழே போய் எங்கேயோ ஊன்றியிருக்கின்றன. அம்மா கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்துவிட்டு, "பெரிய கோயில் எவ்ளோ இருக்கும்?" என்றாள். 216 அடி என்று சொல்வார்கள் என்றேன். "அப்ப கலசத்து மேல நிக்கிறோம்." பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பச்சைக்கு நடுவில் இன்னொரு பாலம் தீக்குச்சிகளால் கட்டியது மாதிரி தெரிந்தது. நாம் இன்னும் போகவேண்டிய தடம் அதுதான், சுற்றிக்கொண்டு அங்கே வரும் என்று காட்டினேன்.

அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கீழே கிடந்த கல்லைக் கிளறினாள். "இது ரயிலுக்குப் போட்ட ஜல்லியா, புதுசா?" எனக்குத் தெரியவில்லை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "மிஷின் ஒடச்சது," என்றாள். ஜல்லி உடைத்தே பிள்ளை வளர்த்த பெண்களோடு சைக்கிள் பழகியவள். அவளோடு இதில் வாதம் செய்ய முடியாது. பிறகு எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளை வந்த திசைக்கே திருப்பினாள்.

"அம்மா, இந்தப் பக்கம்."

"கை வலிக்குதுடா. நான் மிதிச்சே வரேன்."

"கீழ பஸ் இருக்கும்மா. பணம் கட்டியிருக்கு."

"நீ பஸ்ல வா. மேல அருவிகிட்ட நிக்கிறேன்."

இதற்கு மேல் என்ன செய்வது? நானும் திருப்பினேன்.

முதல் ஒரு கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அந்த ஒன்றே முக்கால் வேலையைக் காட்டத் தொடங்கியது. செங்குத்தான ஏற்றம் என்றால் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்து ஏறிவிட்டு நிற்கலாம். இது நிற்க இடம் கொடுப்பதில்லை. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாத ஏற்றம், வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. கியர் பற்றி வகுப்பு எடுத்தவன் கடைசிப் பல்லுக்கு வந்துவிட்டேன். அம்மா நடுப்பல்லிலேயே, கீரனூர்ச் சந்தைக்குப் போகிற வேகத்தில், தோளைத் தளர்த்திவிட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்த முகம் இல்லை அது.

எதிரே இறங்கி வந்தவர்களெல்லாம் கையசைத்தார்கள். ஒருவர் "தலைகீழா போறீங்களே!" என்று சிரித்துக்கொண்டே பறந்தார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மூன்று சக்கர வண்டியில் ஒரு தாத்தா, பின்னால் இழுவண்டியில் தூங்குகிற குழந்தையோடு ஒரு அப்பா. எல்லாருக்கும் ஒதுங்கி வழி விட்டுத்தான் போகவேண்டியிருந்தது. மூச்சு வாங்க அதுவும் ஒரு சாக்கு.

இறங்கும்போது பார்க்காமல் விட்டதையெல்லாம் ஏறும்போதுதான் பார்த்தேன். வழியெல்லாம் வைத்திருக்கிற விவரப் பலகைகளை ஒன்று விடாமல் படித்தேன், காரணம் சொல்லத் தேவையில்லை. மின்சார ரயிலைப் பற்றிய பலகைகளைத்தான் அதிக நேரம் படித்தேன். இந்த மலையில் 3,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் இன்ஜின் ஓடியிருக்கிறது. மொண்டானாவின் ஹார்லோடன் முதல் ஐடஹோவின் ஏவரி வரைக்கும் 438 மைல். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரத்துக்கு அமெரிக்காவில் யாரும் செய்து பார்க்காத காரியம். இறங்குகிற ரயிலில் மோட்டாரே ஜெனரேட்டராகிவிடும். வேகத்தையும் பிடிக்கும், மின்சாரத்தையும் மேலே ஓடுகிற கம்பிக்குத் திருப்பிவிடும். ஏறுகிற ரயில் அதை எடுத்துக்கொள்ளும். இவ்வளவையும் செய்துவிட்டு 1974-இல், எண்ணெய் விலை உலகத்தையே உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு டீசலுக்குப் போனார்கள். செம்புக் கம்பியை உருவி விற்றார்கள். அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைகளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லி முடித்ததும் எதிரே இன்னொரு கூட்டம் சர்ரென்று இறங்கிப் போனது.

"இவங்க எறங்குறதுல நமக்கு எதாச்சும் வருதா பாரு," என்றாள் அம்மா.

ஒரு சின்னக் குகை வாசலில் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். சரிவில் ஹக்கிள்பெரி பழுத்திருந்தது. ஐடஹோக்காரர்கள் உயிரை விடுகிற பழம். அம்மா ஒன்றை வாயில் போட்டு, "களாப்பழத்துக்கும் நாவப்பழத்துக்கும் பொறந்தது" என்று தீர்ப்புச் சொன்னாள். அங்கேதான் 1910 தீயைச் சொன்னேன். ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 20, 21 இரண்டே நாளில், சூறைக்காற்றோடு சேர்ந்து, ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு போயிற்று. செத்தவர்கள் எண்பதுக்கும் மேல், பெரும்பாலும் தீயணைக்க வந்த கூலிகள். டாஃப்ட் சாம்பலானது, வாலஸில் மூன்றில் ஒரு பங்கு. ரயில்காரர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் பெட்டிகளில் திணித்து, எரிகிற பாலங்களின் மேல் ஓட்டி, இந்தக் குகைகளுக்குள் கொண்டுபோய் நிறுத்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். முந்தைய நாள் பார்த்த கருவிக்காரர் புலாஸ்கி, தன்னோடு இருந்த நாற்பத்தைந்து பேரைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் தள்ளி, வெளியே ஓடினால் சுடுவேன் என்று வாசலில் துப்பாக்கியோடு நின்றார். ஐந்து பேர் செத்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள்.

அம்மா குகைக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையின் கரி ரயில் புகையா தீப்புகையா என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அருவிக்கு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் என்னுடையவை மாதிரி இல்லை. அம்மா முகம் கழுவிக்கொண்டாள். பக்கத்தில் பஸ் ஒன்று வந்து நின்றது; காலையில் எங்களோடு கிளம்பியவர்கள் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் மிச்சமிருந்தது ஒன்றுதான், அந்தப் பெரிய குகை. பஸ்ஸில் வந்தாலும் அதை ஓட்டித்தான் காரிடம் போயாகவேண்டும்.

பாதிக் குகையில் என் விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. முந்தைய இரவு சார்ஜ் போட மறந்தது நான்தான். "நில்லு," என்ற சத்தம் முன்னாலிருந்து வந்தது. அம்மா திரும்பி வந்து தன் விளக்கை என் சக்கரத்துக்கு முன்னால் அடித்தாள். "எனக்குச் சோடியா வா. வாய்க்கா பக்கம் போயிராத." அவள் சக்கரத்துக்கு ஓரடி தள்ளி என் சக்கரம். முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே வந்தாள்; அறிவொளிப் பாட்டு என்று மெட்டிலிருந்து தெரிந்தது. சின்ன வயதில் பாரில் உட்கார்ந்திருக்கும்போது உச்சந்தலைக்கு மேல் கேட்கும். எல்லைக் குறி வந்த இடத்தில் அவள் நிற்கவில்லை.

வெளியே வந்தபோது என் வாட்சில் மூன்றரை. மொண்டானாவில் நாலரை.

"காலைல வாங்குனதத் திருப்பிக் குடுத்தாச்சு," என்றாள். அப்புறம் சைக்கிளை விட்டு இறங்கி, "பஸ்ஸுக்குக் கட்டுன காசக் கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை. "எவ்ளோ?" சொன்னேன். அதை ரூபாயாக்கிப் பார்த்து வாலஸ் போய்ச் சேரும்வரை பேசவில்லை.

ஓட்டல் கதவைத் திறந்த மனைவி, அம்மாவின் முதுகில் பிடரியிலிருந்து இடுப்புவரை ஓடிய சேற்றுக்கோட்டையும், நீலம் பாரித்த உதட்டையும் பார்த்தாள்.

"என்ன அத்தை, எப்படி இருந்துச்சு?"

"ஏத்தம் நல்லாருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே பேத்தியை வாங்கக் கையை நீட்டினாள் அம்மா. "எறக்கந்தான் கொஞ்சம் செரமம்."